தெருவோர டாக்கோவை வீட்டில் செய்யும்போது மேலே எதை வைப்பது, எதை விடுவது?

ஹூஸ்டன்வாசி:

வணக்கம். வருகிற சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். டாக்கோ என்று முடிவாகிவிட்டது. தெருவோரக் கடையில் கொடுப்பது போல உள்ளங்கை அளவு சோள டோர்ட்டியா (மெல்லிய ரொட்டி), அதன்மேல் கொஞ்சம் இறைச்சி. கார்னிதாஸை (கொழுப்பில் வெந்த பன்றி இறைச்சி) பக்கத்தில் உள்ள மெக்சிகோ கடையில் எடைக்கு வாங்கிவிடுவேன். கோழியை நானே மசாலா தடவி வாட்டப் போகிறேன். நான்கு பேர் சைவம், அவர்களுக்கு உருளைக்கிழங்கு.

குழப்பம் மேலே வைக்கிற பொருள்களில்தான். இப்போதைக்கு லெட்யூஸ், துருவிய மஞ்சள் சீஸ், சவர் க்ரீம், கறுப்பு ஆலிவ், வேகவைத்த சோளமணி, தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, குவாகமோலே (மசித்த அவகாடோ), ஊறவைத்த ஹலபேனோ மிளகாய், இரண்டு வகை சல்சா (மெக்சிகோ காரச் சட்னி) என்று எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு கிண்ணம் ஆகிறது. எல்லாமே இருக்கட்டும் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அகவல்:

எனக்கு மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் வேலை. அதற்கு முன் மெக்சிகோ நகரத்தில் இருந்தேன். இரவு பத்து மணிக்குத் தெருமுனை டாக்கோ வண்டி முன்னால் நின்று சாப்பிடுவது இங்கே எல்லாருக்கும் உள்ள பழக்கம், எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மேலே என்ன வைப்பது என்பதை உள்ளே இருக்கும் இறைச்சிதான் முடிவு செய்ய வேண்டும். எல்லா டாக்கோவுக்கும் பொதுவான ஒரு பட்டியல் என்று எதுவும் கிடையாது.

மெக்சிகோ நகரத்தில் சுவாதேரோ (மாட்டிறைச்சி), லொங்கானீசா (தொத்திறைச்சி), அல் பஸ்தோர் (நிறுத்திய கம்பியில் குத்திச் சுட்ட பன்றி இறைச்சி) போடும் வண்டியில் கடைக்காரர் கேட்பது ஒரே கேள்வி: ‘கோன் தோதோ?’ எல்லாம் போடவா என்று கேட்கிறார். அந்த ‘எல்லாம்’ வெறும் இரண்டு பொருள்தான்: பொடியாக நறுக்கிய வெள்ளை வெங்காயம், கொத்தமல்லி. அல் பஸ்தோர் என்றால் கம்பியின் உச்சியில் இருக்கும் அன்னாசியிலிருந்து ஒரு சீவல் கூடுதலாக விழும். அதற்கு மேல் சல்சாவும் எலுமிச்சையும் நாமே போட்டுக்கொள்வது. சீஸ் இல்லை, க்ரீம் இல்லை, லெட்யூஸ் இல்லை.

காரணம் இருக்கிறது. இந்த இறைச்சிகள் எல்லாமே கொழுப்பும் உப்பும் நிறைந்தவை. அவற்றுக்கு எதிராகப் புளிப்பு வேண்டும், காரம் வேண்டும், பச்சை வாசனை வேண்டும், பல்லில் கடிபடுகிற ஏதோ ஒன்று வேண்டும். எலுமிச்சை, சல்சா, கொத்தமல்லி, வெங்காயம் நான்கும் அந்த நான்கு வேலையைச் செய்துவிடுகின்றன. அதன்மேல் சவர் க்ரீம் ஊற்றினால் கொழுப்பின் மேல் கொழுப்பு, சல்சாவின் கூர்மையும் மழுங்கிவிடும்.

உங்கள் கார்னிதாஸுக்கு வருவோம். அது மிச்சோவகான் மாநிலத்துப் பண்டம். பன்றி இறைச்சியைப் பெரிய செம்புக் கொப்பரையில் அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைப்பார்கள். கிரோகா என்ற ஊர் இதற்கே பேர்போனது. இதற்குப் பொருத்தம் பச்சை சல்சா, அதாவது சல்சா வெர்தே. அதில் போடும் தொமாத்தியோ என்ற பச்சைக் காயின் புளிப்புதான் அந்தக் கொழுப்பை வெட்டும். கூடவே வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. ஊறவைத்த ஹலபேனோவும் இதற்கு நன்றாகச் சேரும், அதைப் பட்டியலில் வையுங்கள். ஆலிவையும் சோளமணியையும் தயங்காமல் எடுத்துவிடுங்கள். டோர்ட்டியாவே சோளம், அதன்மேல் இன்னும் சோளம் எதற்கு?

டல்லாஸ்காரன்:

அகவல் அண்ணா சொல்வது மெக்சிகோ நகரத்துக்குச் சரி. டெக்சாஸில் இருக்கிறவர்கள் மஞ்சள் சீஸையும் லெட்யூஸையும் ஏதோ போலி போல ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். இந்தப் பக்கத்து மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் தலைமுறைகளாக அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். சான் அன்டோனியோவில் உப்பலாகப் பொரித்த டாக்கோவில் லெட்யூஸ், தக்காளி, சீஸ் மூன்றும் இருக்கும். அதைச் சமைப்பது மெக்சிகோ பாட்டிகள், விளம்பரக் கம்பெனிகள் இல்லை.

கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ ஊரில் 1937இல் தொடங்கிய மிட்லா கஃபே இன்றும் நடக்கிறது. அங்கே பொரித்த டாக்கோ, லெட்யூஸ், செடார் சீஸ்தான். எதிர்ப்புறம் கடை வைத்திருந்த க்ளென் பெல் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பிற்பாடு 1962இல் டாக்கோ பெல் தொடங்கினார். அசல் அந்த மெக்சிகோ குடும்பத்தினுடையது. அதனால் தோழி, குழந்தைகள் வருகிறார்கள் என்றால் சீஸ் கிண்ணத்தை எடுக்க வேண்டாம்.

அகவல்:

டல்லாஸ்காரன் தம்பி, நீங்கள் சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பே இல்லை. டெக்ஸ்மெக்ஸ், அதாவது டெக்சாஸ் பக்கத்து மெக்சிகோ சமையல், தனி மரபு, மதிக்க வேண்டிய மரபு. ஆனால் அந்த லெட்யூஸும் சீஸும் எந்த டாக்கோ மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று கவனியுங்கள். பொரித்த, மொறுமொறுப்பான டோர்ட்டியா. அதற்கு ஈரமும் குளிர்ச்சியும் தேவை. சூடான மென்மையான சோள டோர்ட்டியாவில் அதே லெட்யூஸ் அரை நிமிடத்தில் வாடித் தண்ணீர் விடும்.

மெக்சிகோவிலும் இதே கணக்குதான். தாக்கோஸ் தொராதோஸ் என்று பொரித்த டாக்கோ எல்லா ஊரிலும் உண்டு. அதன்மேல் லெட்யூஸ் அல்லது முட்டைக்கோஸ், க்ரேமா (மெக்சிகோ க்ரீம்), உதிர்த்த கெசோ ஃப்ரெஸ்கோ (வெள்ளை சீஸ்), சல்சா தாராளமாகப் போடுவார்கள். அதன் உள்ளே அடிக்கடி இருப்பது மசித்த உருளைக்கிழங்கு.

ஆக, ஹூஸ்டன்வாசி, உங்கள் சைவ விருந்தாளிகளின் டாக்கோவுக்குத்தான் அந்த லெட்யூஸும் க்ரீமும் சீஸும் பொருந்தும். உருளைக்கிழங்கை வேகவைத்து, உப்பும் கொஞ்சம் மிளகும் சேர்த்து மசித்து, டோர்ட்டியாவில் தடவி மடித்து, அகலச் சட்டியில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்கப் பொரியுங்கள். டோர்ட்டியாவைக் கல்லில் சூடாக்கிவிட்டு மடித்தால் உடையாது. மேலே மெல்லிய லெட்யூஸ், க்ரேமா, சீஸ், சிவப்பு சல்சா. மஞ்சள் செடார் வேண்டுமா, வெள்ளைக் கெசோ ஃப்ரெஸ்கோவா என்பது உங்கள் விருப்பம். எனக்கு வெள்ளைதான் பிடிக்கும். உருகாமல், உப்பாக, பால் வாசனையோடு உதிரியாக நிற்கும்.

சைவத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. டப்பாவில் வரும் மசித்த பீன்ஸிலும் மைதா டோர்ட்டியாவிலும் பன்றிக் கொழுப்பு இருக்க வாய்ப்பு உண்டு. லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். சோள டோர்ட்டியாவில் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை. பரிமாறும் இடுக்கியையும் தனியாக வையுங்கள்.

அம்மிக்கல்:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் இந்த இழையால் பயன் உண்டு, ஆனால் பாதிப் பொருள் இங்கே கிடைக்காது. தொமாத்தியோவுக்குப் பதில் பச்சைத் தக்காளி போடலாமா? வேலியோரம் முளைக்கும் சொடக்குத் தக்காளியும் அதே குடும்பம்தானே? வெள்ளை வெங்காயமும் எல்லா நாளும் கிடைப்பதில்லை.

அகவல்:

ஒரே குடும்பம் மட்டுமல்ல, ஒரே பேரினம், ஃபைசாலிஸ். மேலே காகிதம் போல உறை இருப்பதைப் பார்த்தாலே தெரியும். ஆனால் சொடக்குத் தக்காளி பழுத்தால் இனிப்பு, காயாக இருக்கும்போது சாப்பிட உகந்ததல்ல. அதனால் அதை சல்சாவுக்கு எடுக்காதீர்கள். பச்சைத் தக்காளியை அடுப்பில் நன்றாகச் சுட்டு, எலுமிச்சைச் சாறு தாராளமாகச் சேர்த்து அரைத்தால் ஏறக்குறைய அந்தப் புளிப்பு வரும். தொமாத்தியோவுக்கு இருக்கும் கொழகொழப்பு வராது, அவ்வளவுதான்.

வெங்காயத்துக்குப் பெரிய வெங்காயமே போதும். பொடியாக நறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, வடித்து, துணியில் ஒற்றி எடுங்கள். காரல் போய்விடும். சின்ன வெங்காயம் வேண்டாம், அதன் வாசனை மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

எலுமிச்சை விஷயத்தில் நீங்கள் ஹூஸ்டன்காரர்களைவிடக் கொடுத்து வைத்தவர். மெக்சிகோவில் டாக்கோவுக்குப் பிழிவது சின்ன, மெல்லிய தோல் எலுமிச்சை. நம் ஊர் எலுமிச்சையும் அதே இனம்தான். ஆசியாவிலிருந்து போய், ஸ்பானியர் வழியாக மெக்சிகோவில் ஊன்றியது. அமெரிக்கக் கடைகளில் பெரிதாக, விதையில்லாமல் கிடைப்பது பாரசீக லைம். அதில் சாறு நிறைய, வாசனை குறைவு. ஹூஸ்டனில் மெக்சிகோ கடையில் சின்னது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வெட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. நடுத்தண்டை விட்டுவிட்டுச் சுற்றிலும் கன்னம் கன்னமாகச் சீவுவார்கள். விதை தண்டோடு நின்றுவிடும், டாக்கோவில் விழாது.

அலைவாய்க்கரை:

நான் சான் டியேகோ. எல்லை தாண்டினால் மெக்சிகோவின் திஹுவானா. அங்கே கார்னே அசாதா (வாட்டிய மாட்டிறைச்சி) டாக்கோ கேட்டால், வேண்டாம் என்று நாம் சொல்லாவிட்டால், கடைக்காரரே வெங்காயம், கொத்தமல்லி, சல்சா, ஒரு கரண்டி குவாகமோலே எல்லாம் வைத்துத்தான் நீட்டுவார். மெக்சிகோ நகரத்தில் அப்படி இல்லை. ஆகவே குவாகமோலேயைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள், வாட்டிய கோழிக்கு அது மிகப் பொருத்தம். கரியில் வாட்டிய மாட்டிறைச்சியோ கோழியோ கார்னிதாஸ் அளவுக்குக் கொழுப்பு உள்ளதல்ல, கொஞ்சம் வறண்டுதான் இருக்கும். அங்கே வெண்ணெய் போன்ற ஒன்று தேவைப்படுகிறது.

இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் என்செனாதா. மாவில் தோய்த்துப் பொரித்த மீன் டாக்கோ அங்கே பேர்போனது. மேலே மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், நீர்த்த மயோனைஸ் அல்லது க்ரேமா, பீக்கோ தே காயோ (பச்சையாக நறுக்கிக் கலந்த தக்காளி, வெங்காயம், மிளகாய்), எலுமிச்சை. லெட்யூஸ் போடாமல் முட்டைக்கோஸ் ஏன் என்றால், கொதிக்கும் மீனின் மேல் வைத்தாலும் அது மொறுமொறுப்பை விடாது. அகவல் சொன்ன அதே கணக்குதான் மீனுக்கும். ஆனால் முட்டைக்கோஸை கார்னிதாஸ் மேல் போட்டால் ஒட்டாது.

பீக்கோ தே காயோவைப் பலர் எல்லாவற்றுக்கும் சல்சாவாக நினைக்கிறார்கள். மீனுக்கும் வாட்டிய இறைச்சிக்கும் நன்றாக இருக்கும். அல் பஸ்தோருக்கோ, குழம்பில் வேகவைத்த பிர்ரியா இறைச்சிக்கோ அதை நான் வைக்கமாட்டேன். நறுக்கி உப்புப் போட்ட தக்காளி தண்ணீர் விட்டு டோர்ட்டியாவை நனைத்துவிடும். செய்வதானால் தக்காளியின் விதைச் சாற்றை எடுத்துவிட்டு, பரிமாறுவதற்குச் சற்று முன் உப்புப் போடுங்கள்.

ஹூஸ்டன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நிறையத் தெளிவு கிடைத்தது. ஆலிவ், சோளமணி இரண்டையும் எடுத்துவிட்டேன். லெட்யூஸ், க்ரேமா, சீஸ் மூன்றும் உருளைக்கிழங்கு டாக்கோ பக்கத்தில் தனியாக இருக்கும். படங்களில் எல்லா டாக்கோ மேலும் இளஞ்சிவப்பாக ஊறவைத்த வெங்காயம் இருக்கிறதே, அதை வைக்கலாமா? பார்க்க அழகாக இருக்கிறது.

அம்மிக்கல்:

அழகுக்காக வைப்பதில் தப்பென்ன? நான் வாரம் தவறாமல் ஊறவைத்து வைத்திருக்கிறேன். எதன்மேல் போட்டாலும் ருசிதான்.

அகவல்:

அம்மிக்கல் தோழர் சொல்வதை முழுக்க மறுக்கமாட்டேன். ஆனால் அந்த வெங்காயத்துக்கு ஒரு சொந்த ஊர் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு வைத்தால் இன்னும் ருசிக்கும். யுகாத்தான் தீபகற்பத்தில் கொச்சினீதா பிபில் என்று ஒரு பண்டம். பன்றி இறைச்சியில் ஆச்சியோத்தே விதை விழுதும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் தடவி, வாழை இலையில் பொதிந்து, மண்ணுக்குள் குழியில் வேகவைப்பது மரபு. அந்த இறைச்சி மென்மையாக, சாறோடு, லேசான மண்வாசனையோடு இருக்கும். பச்சை வெங்காயத்தின் உறைப்பு அதற்கு முரடு. எனவே சிவப்பு வெங்காயத்தைச் சீவி, கொதிநீர் ஊற்றி உடனே வடித்து, புளிப்பு ஆரஞ்சுச் சாறு, உப்பு, கொஞ்சம் ஒரேகானோ சேர்த்து ஊறவைப்பார்கள். காரத்துக்கு ஆபனேரோ மிளகாய். அங்கே அல் பஸ்தோர் போலக் கொத்தமல்லியைக் குவிக்க மாட்டார்கள்.

உங்கள் வாட்டிய கோழிக்கு மசாலாவில் ஆச்சியோத்தே போடுவதாக இருந்தால் இந்த வெங்காயத்தைத் தாராளமாக வையுங்கள். புளிப்பு ஆரஞ்சு கிடைக்காவிட்டால் சாதாரண ஆரஞ்சுச் சாற்றில் எலுமிச்சை கலந்தால் போதும். கார்னிதாஸுக்கு மட்டும் வெள்ளை வெங்காயமே.

டல்லாஸ்காரன்:

சல்சாவைப் பற்றி இன்னும் யாரும் விவரமாக எழுதவில்லை. டாக்கோவின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2024இல் மெக்சிகோவுக்கான முதல் மிஷலின் கையேடு வந்தபோது, மெக்சிகோ நகரத்து சான் ரஃபேல் பகுதியில் இருக்கும் ‘எல் கலீஃபா தே லியோன்’ என்ற சின்ன டாக்கோ கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்ததே, அங்கே வெங்காயம் கொத்தமல்லிகூட கிடையாது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

அகவல்:

உண்மை. 1968இலிருந்து நடக்கும் கடை, நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். மெல்லியதாகச் சீவிய மாட்டிறைச்சியைச் சூடான இரும்புத் தகட்டில் போட்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு, அவ்வளவே. டோர்ட்டியா அங்கேயே கையால் தட்டப்படும். அந்த மாட்டிறைச்சி டாக்கோவுக்குக் கௌனேரா என்று பெயர், ரொதோல்ஃபோ கௌனா என்ற காளைச் சண்டை வீரரின் நினைவாக. மேலே போட்டுக்கொள்ள ஒரு சிவப்பு சல்சா, ஒரு பச்சை சல்சா. இறைச்சியும் டோர்ட்டியாவும் நன்றாக இருந்தால் மேலே வைப்பது குறைந்துகொண்டே போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, சல்சா. வீட்டில் இரண்டு போதும், ஆனால் இரண்டும் நிறத்தில் மட்டும் வேறுபட்டால் போதாது, குணத்திலும் வேறுபட வேண்டும்.

பச்சைக்கு அரைக் கிலோ தொமாத்தியோ. உறையை உரித்து, பிசுபிசுப்புப் போகக் கழுவி, இரண்டு மூன்று செரானோ மிளகாயோடு தண்ணீரில் போட்டு வேகவையுங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறம் வந்ததும் உடனே இறக்குங்கள். வெடிக்க விட்டால் சுவை கெடும். கொஞ்சம் வெங்காயம், ஒரு பல் பூண்டு, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, உப்பு சேர்த்து அரைத்தால் முடிந்தது. இன்னும் கூர்மையாக வேண்டுமென்றால் வேகவைக்காமல் பச்சையாகவே அரைக்கலாம். கார்னிதாஸுக்கு நான் பச்சையாக அரைத்ததையே விரும்புவேன்.

சிவப்புக்கு நாலு தக்காளியைத் தோல் கருகும் வரை கல்லில் சுடுங்கள். கூடவே இரண்டு பல் பூண்டு தோலோடு. சிலே தே ஆர்போல் என்ற காய்ந்த சிவப்பு மிளகாய் எட்டுப் பத்தை வாணலியில் நொடிக்கணக்கில் மட்டும் வறுங்கள். வாசனை வந்ததும் எடுத்துவிட வேண்டும், கறுத்தால் சல்சா முழுக்கக் கசந்துவிடும். இதை மிக்ஸியில் நைசாக ஓடவிடாதீர்கள். மெக்சிகோ வீடுகளில் மோல்காஹேதே என்ற எரிமலைக்கல் உரலில் இடிப்பார்கள், தக்காளித் துணுக்குகள் தெரியும்படி கொரகொரவென்று இருக்கும். நம் அம்மி இருந்தால் அதுவே போதும்.

குவாகமோலேக்குப் பதிலாக டாக்கோ கடைகளில் பெரும்பாலும் ஊற்றுவது அவகாடோ சல்சா. தொமாத்தியோ, ஒரு அவகாடோ, செரானோ, கொத்தமல்லி எல்லாவற்றையும் பச்சையாக அரைத்து, ஊற்றும் பதத்தில் இருப்பது. கோழிக்கு இதை வையுங்கள். புளிப்பு இருப்பதால் சீக்கிரம் கறுக்காது, ஒரு பழம் நிறைய பேருக்கு வரும். 2019இல் அவகாடோ விலை ஏறியபோது, சில கடைகளில் அவகாடோவே இல்லாமல் பச்சைச் சீமைச் சுரைக்காயை வதக்கி அரைத்து அதே நிறத்தில் ஊற்றியது பெரிய பேச்சானது. எனக்கு அதுவும் பிடித்தே இருந்தது.

அம்மிக்கல்:

கொடைக்கானல் பக்கத்திலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட் இங்கே கிடைக்கிறது. குவாகமோலே செய்தால் தண்ணீராக இருக்கும். இப்படி சல்சாவாக அரைத்தால் அது ஒரு குறையாகவே தெரியாது போலிருக்கிறது. செய்து பார்க்கிறேன்.

ஒரு கேள்வி. மக்காச்சோள மாவில் டோர்ட்டியா தட்டினால் உடைந்து போகிறதே?

அலைவாய்க்கரை:

சாதாரண மக்காச்சோள மாவில் வராது. டோர்ட்டியா மாவுக்கான சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்து, பிறகு அரைக்கிறார்கள். அதனால்தான் மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது, அந்தத் தனி வாசனையும் வருகிறது. மாசா ஹரீனா என்று கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் மைதா டோர்ட்டியா செய்துகொள்ளுங்கள். வடக்கே சொனோராவில் கார்னே அசாதாவுக்கு அதுதான் வழக்கம்.

ஹூஸ்டன்வாசி:

கடைசியாக அளவு மட்டும் சொல்லிவிடுங்கள். எதை எப்போது நறுக்குவது என்பதும்.

அகவல்:

ஆளுக்கு மூன்று நான்கு டாக்கோ என்றால் நாற்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்கோவுக்கு ஒரு மேசைக்கரண்டி வெங்காயம் கொத்தமல்லி. பெரிய வெள்ளை வெங்காயம் இரண்டு மூன்று, கொத்தமல்லி இரண்டு கட்டு போதும். கொத்தமல்லியின் இளந்தண்டையும் சேர்த்தே நறுக்குங்கள், வாசனை அதில்தான் அதிகம். நறுக்குவதற்கு முன் ஈரம் இல்லாமல் உலர்த்துங்கள், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சை சின்னதாக இருந்தால் பதினைந்து. சல்சா ஒவ்வொன்றும் இரண்டு கப்.

சல்சாவை முந்தின நாளே செய்யலாம், அவகாடோ சல்சாவை மட்டும் அன்று மாலை. முள்ளங்கியை மெல்லிய வட்டமாகச் சீவி ஐஸ் தண்ணீரில் போட்டு வைத்தால் நொறுக்கென்று இருக்கும். டாக்கோவுக்கு மேலேயும் போடலாம், நடுவில் கடித்துக்கொள்ளவும் செய்யலாம். பெரிய குமிழ் உள்ள வெங்காயத்தாளைக் கோழி வாட்டும் அதே நெருப்பில் எண்ணெய் தடவி வாட்டி, எலுமிச்சை பிழிந்து ஒரு தட்டில் வையுங்கள். இதற்குப் பெரிதாகச் செலவு கிடையாது, ஆனால் மேசையில் முதலில் தீர்வது அதுதான். வெங்காயமும் கொத்தமல்லியும் விருந்தாளிகள் வந்த பிறகு நறுக்கினாலும் தப்பில்லை.

அப்புறம் வைக்கும் வரிசை. கார்னிதாஸ் பக்கத்தில் பச்சை சல்சாவும் ஹலபேனோவும், கோழி பக்கத்தில் அவகாடோ சல்சாவும் ஊறவைத்த வெங்காயமும், உருளைக்கிழங்கு பக்கத்தில் லெட்யூஸ், க்ரேமா, சீஸ், சிவப்பு சல்சா. நடுவில் வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, முள்ளங்கி. யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது, எது எதற்கு என்று கை தானாகவே போகும். டோர்ட்டியாவைத் துணியில் சுற்றிச் சூடாக வைத்திருங்கள். எலுமிச்சையைக் கடைசியாக, வாயில் வைக்கும் முன் பிழியச் சொல்லுங்கள்.

டல்லாஸ்காரன்:

குழந்தைகளுக்குச் சீஸ் எந்தப் பக்கமிருந்தும் எடுக்க அனுமதி உண்டுதானே?

அகவல்:

தாராளமாக. அல் பஸ்தோரையே மைதா டோர்ட்டியாவில் சீஸ் உருக்கி ‘கிரிங்கா’ என்று இங்கே விற்கிறார்கள்.

ஹூஸ்டன்வாசி:

அச்சடித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். சல்சா மிஞ்சினால் எத்தனை நாள் தாங்கும்?

அகவல்:

வேகவைத்த பச்சை சல்சாவும் சிவப்பும் ஃபிரிட்ஜில் நாலு நாள் இருக்கும். அவகாடோ சல்சாவை மறுநாளுக்குள் முடியுங்கள். ஞாயிறு காலை மிஞ்சிய டோர்ட்டியாவை முக்கோணமாக வெட்டிப் பொரித்து, பச்சை சல்சாவைச் சட்டியில் கொதிக்கவைத்து அதில் போட்டுப் புரட்டுங்கள். மேலே மிச்சமிருக்கும் க்ரேமா, சீஸ், வெங்காயம். சிலாகிலேஸ் தயார். ஒரு முட்டையைப் பொரித்து மேலே வைத்தால் காலை உணவு முடிந்தது.